தண்ணீருக்கு வாசனை உண்டா?

கேள்வி கேட்கத் தெரிந்த டீச்சர் என்று எங்கள் மண்டலத்தில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைப் பொத்திப் பொத்தி வளர்த்தவளும் நானேதான். ஆந்திர எல்லைக்குள், சத்தியவேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் ஒரு தமிழ் வழி ஆரம்பப் பள்ளி. சுற்றிலும் தெலுங்குப் பள்ளிகள், நடுவில் நாங்கள். மொத்தமே இரண்டு டீச்சர்கள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இன்னொரு டீச்சருக்கு. மூன்றிலிருந்து ஐந்து வரை எனக்கு. பதினெட்டு வருஷமாக அதே பள்ளியில்தான் குப்பை கொட்டுகிறேன்.

வந்த புதிதில் எல்லோரும் கேட்கிற மாதிரிதான் நானும் கேட்டேன். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி இழுக்க வேண்டும். "செடிக்கு உணவு தயாரிப்பது இ...?" என்று நான் இழுத்தால், "லை!" என்று மொத்த வகுப்பும் கத்தும். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, "உங்க பிள்ளைங்க நல்லா பதில் சொல்றாங்க" என்பார். கத்தியவர்களில் பாதிப் பேருக்கு என்ன கத்தினோம் என்றே தெரியாது. எனக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்கச் சுகமாக இருந்தது.

அதன் பிறகு திருப்பதியில் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆரம்ப வகுப்பு அறிவியலில் கேள்வி கேட்பது எப்படி என்று பயிற்சி. கேள்வி கேட்க ஒரு பயிற்சியா என்று பஸ்ஸில் போகும்போதே கிண்டல் செய்துகொண்டு போனோம். தமிழ் வழி டீச்சர்கள் ஏழெட்டுப் பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன்னால் நின்றவர் தெலுங்கில் பேசினார், பொறுமையான மனிதர். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்றார். கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் சொல்லாதீர்கள், தப்பாகச் சொன்ன பிள்ளையைத் திட்டாமல் கேள்வியை இன்னொரு பிள்ளையிடம் திருப்புங்கள் என்றார். கடைசியாக, எந்தப் பதில் வந்தாலும், சரியோ தப்போ, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கட்டாயம் கேளுங்கள் என்றார்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். ஊருக்கு வந்து எல்லாவற்றையும் செய்தேன், கடைசிக் கேள்வியைத் தவிர. மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாடம் எப்போது முடிவது? நேரம் இல்லை என்று அதை மட்டும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். அன்றைய பாடத்தின் பதிலைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும். நோட்டில் எழுதிக் கொடுத்தால் படிக்க அங்கே ஆள் இல்லை. வீட்டில் பேசுவது தமிழ், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போடுவது தெலுங்கில். அதனால் வாயால் சொன்னால் போதும். மறுநாள் காலை ஆஜர் எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்பதற்குப் பதில் "சொல்லிட்டேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வந்தவர்கள் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது பிடித்திருந்தது. அம்மாக்களுக்கு இன்னும் பிடித்திருந்தது. தெருவில் என்னைப் பார்த்தால் நிறுத்தி வம்பு பேசுவார்கள். "இன்னா டீச்சரம்மா, வெயில்ல நின்னா இலை சோறு ஆக்குமாமே? எங்கூட்டு மாமியார ஒரு நாளு நிக்க வெச்சிப் பாக்கட்டா?" என்று ஒருத்தி கேட்டாள். அன்று பூராவும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாடம் வீடு வரைக்கும் போய்ச் சேருகிறது என்று எனக்குப் பெருமையான பெருமை.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஏரிக்கரையைத் தாண்டிக் கடைசியில் இருக்கிற காலனியிலிருந்து வருவாள். அவள் நைனாவுக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, மூட்டை ஏற்றி இறக்குவது. அம்மா கடலைக் கொல்லையில் கூலிக்குப் போனவள், அப்போது ஏழு மாசக் கர்ப்பம் என்பதால் வீட்டோடு இருந்தாள். பெண் நெடுநெடுவென்று வளர்ந்திருப்பாள், நிதானமாகத்தான் பேசுவாள். பேர் சொல்லிக் கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டாள். அவளை மக்கு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. மனதில் நினைத்ததுண்டு.

அந்த மழைக்காலத்தில், சுற்றுப் பள்ளிகளின் டீச்சர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டம் எங்கள் பள்ளிக்கு வந்தது. யாராவது ஒருவர் மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து தாளில் குறித்துக்கொள்வார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள், என்னைத்தான் கூப்பிட்டார்கள். தண்ணீரின் பண்புகள் என்ற பாடத்தை எடுத்துக்கொண்டேன். முதல் நாளே நன்றாகப் பதில் சொல்கிற பிள்ளைகளை முன்வரிசைக்கு மாற்றினேன். அந்தப் பெண்ணைக் கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன்.

கல்யாண மண்டபத்திலிருந்து வாங்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் டீச்சர்கள் உட்கார்ந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் மண்டலக் கல்வி அதிகாரியும் வந்துவிட்டார். மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். அது எங்களுக்கு வருகிற கேன் தண்ணீர். டீச்சர்கள் குடிப்பது கேன், பிள்ளைகள் குடிப்பது குழாய். அந்த ஊரில் வேலை பார்க்கிற எல்லோருமே அப்படித்தான் செய்தோம், அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

"இந்த டம்ளர்ல இருக்கிறது என்ன?"

"தண்ணீ!"

"தண்ணியைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது எதுவா இருந்தாலும் சொல்லலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

ஒன்று, இரண்டு, மூன்று. மனதுக்குள் எண்ணினேன். முன்வரிசையில் சத்தமே இல்லை. அதிகாரியைப் பார்த்துப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஜன்னல் ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது. அந்தப் பெண் தானாகக் கை தூக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசி வரிசைப் பிள்ளைகூட இந்த டீச்சரிடம் பதில் சொல்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று எனக்கு உள்ளுக்குள் குஷி.

"சொல்லும்மா."

"தண்ணி மஞ்சளா இருக்கும் டீச்சர்."

வகுப்பு சிரித்தது. அவள் நிறுத்தவில்லை. "காத்தால மொதக் கொடம் மஞ்சளா வரும் டீச்சர். காவா நாத்தம் அடிக்கும்." காவா என்றால் சாக்கடை.

இப்போது பின்னாலிருந்து ஒரு டீச்சரும் சிரித்துவிட்டார். அதிகாரி பேனாவை எடுப்பது தெரிந்தது. அந்த நிமிஷம் அந்தப் பெண்மேல் எனக்கு வந்தது கோபம்தான். வேறு பேர் வைத்து மழுப்ப விரும்பவில்லை. ஆனால் பயிற்சி எடுத்தவள் அல்லவா, முகத்தில் காட்டவில்லை. சிரித்துக்கொண்டே கேள்வியைத் திருப்பினேன்.

"அப்படியா? அவ சொன்னது சரியா, பிள்ளைங்களா?"

"தப்பு டீச்சர்!"

"அப்போ சரியான பதிலை யார் சொல்றீங்க?"

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, தண்ணீருக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவை கிடையாது என்று கடகடவென்று ஒப்பித்தாள். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. ஜன்னல் ஓரத்துப் பெண்ணை மேசைக்குக் கூப்பிட்டு டம்ளரைக் கையில் கொடுத்தேன்.

"நல்லா பாரு. நிறம் இருக்குதா?"

"இல்ல டீச்சர்."

"மோந்து பாரு. வாசனை அடிக்குதா?"

"இல்ல டீச்சர்." டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது கேன் தண்ணி டீச்சர். எங்க தெருவுல..."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்மா." இதை எவ்வளவு இனிமையாகச் சொன்னேன் என்பது இன்றும் என் காதில் இருக்கிறது.

சரியான பதிலை மூன்று தடவை சொல்லவைத்தேன். எங்கள் பள்ளிகளில் தப்பாகச் சொன்ன பிள்ளை சரியானதை மூன்று தடவை சொல்லி உட்காருவது வழக்கம். சொன்னாள். "சாயங்காலம் அம்மாகிட்டயும் போய்ச் சொல்லணும், சரியா?" என்றேன். தலையாட்டினாள். வகுப்பைக் கைதட்டச் சொன்னேன். அதிகாரி எழுந்து, "சாலா பாகுந்தி மேடம்" என்று தெலுங்கில் பாராட்டினார். ஒரு டீச்சர் தன் தாளில், தவறான விடை சொன்ன மாணவியின் மனம் நோகாமல் சரியான விடைக்கு அழைத்து வந்தார் என்று எழுதியிருந்தார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி என் பீரோவில் வைத்துக்கொண்டேன். பஜ்ஜி, டீ சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் கலைந்தது.

மறுநாள் ஆஜர் எடுக்கும்போது அவள் பேர் வந்தது. "சொல்லிட்டேன் டீச்சர்" என்றாள். டிக் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனேன்.

ஒரு மாசம் கழிந்திருக்கும். காலனிப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வராமல் போனார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. கண்ணை இழுத்துப் பார்த்தால் மஞ்சள். நர்ஸம்மா வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். சச்சிவாலயம் என்கிற ஊர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து தெருக்குழாயை மூடிவிட்டு, மண்ணைத் தோண்டிப் பார்த்தார்களாம். சாக்கடைக்கு அடியில் போகிற குழாயின் இணைப்பு உடைந்திருந்தது. பள்ளிக்குச் சமைக்கிற அம்மா இதை என்னிடம் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "எத்தினி நாளா கலந்துக்கினு இருந்துச்சோ டீச்சர், தோண்டுனா சாக்கடத் தண்ணி கருப்பா வந்துச்சாம்" என்றாள். எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. மஞ்சளாக வரும், நாற்றம் அடிக்கும் என்று ஒரு பிள்ளை எழுந்து நின்று சொன்னது. உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றே தெருவுக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். மண்டல அதிகாரியே எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண்ணும் நான்கு நாளாக வரவில்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை, அவள் அம்மாவுக்குத்தான் என்று தெரிந்தது. வீட்டில் முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் உளற ஆரம்பித்ததும் சத்தியவேட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் காமாலை வந்தால் இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று திருப்பதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை புத்தூர் வழியாகப் பஸ் பிடித்துத் திருப்பதி போனேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தப் பெண், மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் பிரிக்காத இட்லிப் பொட்டலம். என்னைப் பார்த்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள். ஆஸ்பத்திரியிலும் டீச்சருக்கு எழுந்து நிற்கிறார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை, பெண்ணின் தோளைத் தொட்டு உட்காரவைத்தேன். குழந்தை முந்தின நாளே வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது என்றார் அவர். அம்மாவுக்கு இன்னும் நினைவு வரவில்லை. ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை அம்மாவின் உடலை வேனில் கொண்டுவந்தார்கள்.

மூன்று நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, வாசலில் தகரக் கொட்டகை. அவள் நைனா எனக்கு ஸ்டூல் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பெண் அடுப்படியில் இருந்தாள். எதையாவது பேச வேண்டுமே என்று, தண்ணீர் இப்போது எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். டேங்கர் வருகிறது என்றார். பிறகு அவராகவே பேசினார்.

"அந்தத் தண்ணி வோணாம்னு எம்பொண்ணு சொல்லிக்கினேதான் இருந்துச்சு டீச்சரம்மா. காத்தால மொதக் கொடம் புடிக்கறது அதுதான், எங்க கண்ணுல படல. அவ அம்மாவுக்குன்னு ஏரிக்கர தாண்டி, ரெட்டியாரு கொல்ல மோட்டார்ல போயி ரெண்டு கொடம் எடுத்தாரும். தெனமும் ரெண்டு நட. அந்தத் தண்ணியதான் எம்பொண்டாட்டி குடிச்சிக்கினு இருந்தா."

"அப்புறம் ஏன்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன்.

"ஒரு நாளு ஸ்கூல்லேந்து வந்து, தண்ணிக்கி கலரு கெடையாது, வாசன கெடையாதுன்னு சொல்லிச்சு. டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லிச்சு. அவ அம்மா சிரிச்சிட்டா. 'அப்போ இத்தினி நாளா பொய் சொல்லிக்கினு இருந்தியாடி, கொல்லப் பக்கம் ஆட்டம் போடத்தான் போனியா'ன்னு கேட்டா. மறுநாள்லேந்து கொழாயிலயே புடின்னுட்டா. மழ வேற பேஞ்சிக்கினு இருந்துச்சா, புள்ள நனையக் கூடாதுன்னு அவளுக்கு." முகத்தைத் துண்டால் துடைத்தார். "உங்க மேல ஒன்னும் இல்ல டீச்சரம்மா. எங்க தலையெழுத்து."

என் மேல் ஒன்றும் இல்லை என்று அவர் நிஜமாகவே நினைத்தார். பூசி மெழுகத் தெரிந்த ஆள் இல்லை அவர். உங்கள் பெண் வகுப்பில் சொன்னதுதான் சரி, அதைத் தப்பாக்கியவள் நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். டீ போட்டுக் கொடுத்தாள் அந்தப் பெண். குடித்துவிட்டு வந்தேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஏரிக்கரை மேல் நடந்தேன்.

அடுத்த நாள் ஆஜர் எடுக்கும்போது, இனிமேல் உள்ளேன் என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்கவில்லை. என் வகுப்பில் பிள்ளைகள் ஏன் என்று கேட்டுப் பழகியதே இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பீரோவிலிருந்த தாளைக் கிழித்துப்போட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம்? அடுத்த மாசம் மண்டல அலுவலகத்திலிருந்து போன் வந்தது. திருப்பதியில் புது டீச்சர்களுக்குக் கேள்வி கேட்கும் முறை பற்றி நான் வகுப்பெடுக்க வேண்டுமாம். ரத்தக்கொதிப்பு என்று சொல்லி மறுத்துவிட்டேன். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெண் காரியம் முடிந்து பள்ளிக்கு வந்தாள். காலையில் சோறாக்கி, நைனாவுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். ஒரு நாளும் தாமதம் இல்லை. கேட்டதற்கெல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பதில் சொன்னாள், ஒரு சொல் பிசகாமல். மற்ற டீச்சர் என்னிடம், "இந்தப் பொண்ணு நல்லா தேறிட்டாளே" என்றார். அவளை நிமிர்ந்து பார்த்துப் பாடம் நடத்த என்னால் முடியவில்லை. ஜன்னல் ஓரத்தைத் தவிர எல்லாப் பக்கமும் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படியே ஐந்தாம் வகுப்பு முடிந்து, அவள் சத்தியவேட்டு ஹைஸ்கூலுக்குப் போகிற நாள் நெருங்கிவிட்டது.

கடைசி வாரம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போனவளைப் படிக்கட்டில் நிறுத்தினேன். மற்ற பிள்ளைகள் வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்காரச் சொன்னேன். உட்கார மாட்டேன் என்று தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"அன்னிக்கு நீ தண்ணியைப் பத்திச் சொன்னியே, அதுதான் சரி. தப்பு என் மேலதான்" என்றேன். இத்தனை மாசமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் அது.

"தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும் டீச்சர். நான்தான தெனமும் கொடம் புடிக்கறேன்." கோபமாகச் சொல்லவில்லை. நான் இதைக்கூடப் புரிந்துகொள்ளவில்லையே என்ற மாதிரிதான் பார்த்தாள்.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அதைக் கேட்பது அதற்கு எவ்வளவு பெரிய பாரம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவள் தட்டில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் சொல்லலன்னு எங்கம்மாவுக்குத் தெரியாமலே பூடிச்சி டீச்சர்" என்றாள்.

பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குள் போனாள்.